அறுத்தெடுத்த அட்டைகள்

அக்கா பேரனுக்குத் திருச்செந்தூரில் மொட்டை. முதல் நாளே போய், எனக்குத் தெரிந்தவர் லாட்ஜில் தங்கினோம். அறைக் கதவைத் திறந்தால் எதிர்ச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், என் மீன் தொங்கியது.

பத்திரிகை வேலையை விட்டபின் எழுதிய நாவலை நானே பதிப்பித்தேன். அட்டையை மட்டும் அச்சகத்துக்குக் கொடுக்கவில்லை. தருவைகுளம் கடற்கரையில் மீன் ஏலம் முடிந்ததும் நகரை மீன் வாங்கி வருவேன். உப்புப் போட்டு வழுவழுப்புப் போகக் கழுவி, துடைத்து, ஒரு பக்கம் கறுப்பு மை தடவி, மேலே தாளை வைத்து விரலால் அழுத்தினால் செதிலும் செட்டையும் தாளில் இறங்கும். ஒரு அட்டை போல இன்னொன்று வராது. மீன் விற்பவள் சிரிப்பாள்: "ஏளா, குழம்பு வைக்காம மீனுக்கு மையா பூசுத? மாப்பிள்ள வீட்டுக்காரவ எப்ப வாராவ?"

நாவல், சங்கு குளிக்கக் கடலில் இறங்கி மேலே வராத ஒருவரைப் பற்றியது. பத்திரிகையில் அந்தச் சாவுக்கு நாலு வரிதான் கிடைத்தது. மீதியை அவர் மனைவி மாதக்கணக்கில் உட்கார்ந்து எனக்குச் சொன்னார். பதிலுக்கு ஒன்றுதான் கேட்டார்: "நாலு பேராவது வாசிப்பாவளா?"

இந்த லாட்ஜ்காரர் ரூமுக்கு ஒன்று என்று கட்டாக வாங்கியபோது, கோயிலுக்கு வருகிறவர்கள் வாசிப்பார்கள் என்று நம்பினேன். அந்த அம்மாளிடமும் போய்ச் சொன்னேன்.

சட்டத்தை நெருங்கிப் பார்த்தேன். புத்தக அட்டையைப் பிளேடால் நேராக அறுத்திருந்தார்கள். மீனுக்கு மேலே நான் கையால் எழுதிய தலைப்பு இல்லை. கீழே என் பெயரும் இல்லை.

கீழே இறங்கிப் போனேன். லாட்ஜ்காரர் உடன்குடிப் பக்கம், கருப்பட்டி வியாபாரத்திலிருந்து இந்தத் தொழிலுக்கு வந்தவர். பை மாட்டிய பெண்கள் எல்லாரும் அவருக்கு டீச்சர்.

"பாத்தியளா டீச்சர்? வாரவுக எல்லாம் போட்டோ எடுக்காவ!"

"தலைப்ப ஏன் அண்ணாச்சி வெட்டுனிய?"

"எழுத்து இருந்தா எடுப்பா இல்லலா. கோயிலுக்கு வந்தவன் மீனத் திங்கத்தான கூடாது, பாக்கலாம்லா?" தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

"ஒரு பக்கமாவது வாசிச்சியளா?"

"நமக்கு எங்க நேரம்? அடுத்த தடவ அட்டைய மட்டும் போட்டுத் தாங்க. உள்ள உள்ளத எதுக்கு மெனக்கெட்டுத் தச்சிக்கிட்டு? ஒங்களுக்கும் வேல மிச்சம்."

அவர் கேலி செய்யவில்லை. எனக்கு உதவுவதாகத்தான் நினைத்தார். மீதிப் புத்தகம் எங்கே என்று கேட்டேன்; மாடியைக் காட்டினார்.

மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி ஓரமாக, தார்ப்பாயின் கீழ் கிடந்தன அட்டையில்லாத புத்தகங்கள். மேலே இருந்தவை மழையில் ஊறி உப்பியிருந்தன. காய்ந்தவற்றைப் பொறுக்கிச் சாக்கில் கட்டினேன். அக்கா திட்டினாள்: "மொட்டைக்கு வந்த எடத்துல மூட்ட தூக்குதா பாரு!"

ஊர் திரும்பியதும் அந்த அம்மாளிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் அழவில்லை. கோபம் லாட்ஜ்காரர் மேலும் போகவில்லை.

"அவரு சங்குல்லா குளிச்சாரு. நீ எதுக்கு மீனப் போட்ட?"

"அட்டையப் பாத்து எடுப்பாங்கன்னு..."

"எடுத்துட்டான்லா."

அந்தக் கேள்வி இன்னும் எரிகிறது. லாட்ஜ்காரர் மீதான கோபத்தை அது தணிக்கவும் இல்லை.

மிஞ்சிய பிரதிகளுக்குப் பழுப்புத் தாளில் அட்டை போட்டேன். படம் கிடையாது. நாவலின் முதல் வாக்கியம் மட்டும், கையெழுத்தில்.

மாடியில் புது ரூம் கட்டியதும் லாட்ஜ்காரர் போன் செய்தார். இன்னும் கொஞ்சம் மீன் வேண்டுமாம்.

"ஒரு நிமிஷம் இருங்க அண்ணாச்சி" என்று புத்தகத்தை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து சத்தமாக வாசித்தேன். "டீச்சர்? ஹலோ?" என்றார். நான் நிறுத்தவில்லை. படகு கரையை விட்டது, நங்கூரம் போட்டார்கள், சங்கு குளிப்பவர் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். அவர் கடலில் இறங்குவதற்குள் லாட்ஜ்காரர் போனை வைத்துவிட்டார்.