இனியாவுக்கு இரண்டு ஊர் வைத்தியம்

நான் பிறந்த மலேசிய ஊரான ஈப்போவில் காலையில் எதிர்ப்படுபவர்கள் "பசியாறியாச்சா?" என்று கேட்பார்கள். உள்ளே என்ன போனது என்பதோடு விசாரணை முடிந்துவிடும். ஆவடியை அடுத்த வெள்ளானூரில், நான் வாழ வந்த அடுக்குமாடிக் குடியிருப்பில், வெளியே என்ன வந்தது என்பதுதான் செய்தி. கைக்குழந்தை உள்ள வீடென்றால் கேட்கவே வேண்டாம். மாவு வாங்கப் படியிறங்கினாலும் துணி காயப்போட மாடியேறினாலும் "கொயந்த வெளிய போச்சா?" என்று ஒரு குரல் வரும். முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. மலேசியாவில் நர்ஸை மிஸ்ஸி என்போம். இதையெல்லாம் அந்த மிஸ்ஸியிடம்கூட மெதுவான குரலில்தான் சொல்வோம்.

என் மகள் இனியாவுக்கு ஆறு மாதம் முடிந்து கேழ்வரகுக் கூழ் ஆரம்பித்ததும் அந்தக் கேள்வி என் உயிரையே எடுத்தது. முதலில் சப்புக்கொட்டிச் சாப்பிட்டாள். பிறகு நாள் கணக்கில் ஒன்றுமில்லை. முகம் சிவக்க முக்குவாள், கால்களை மடக்கிக்கொண்டு அலறுவாள். வந்தால் புளியங்கொட்டைபோல் ஒன்று வரும். கடைசியில் கிண்ணத்தைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொண்டாள். பிள்ளை சாப்பிடாமலே போய்விடுவாளோ என்று பயந்துவிட்டேன்.

ஈப்போவிலிருந்து அம்மா வீடியோவில் வந்து, "பப்பாளிய மசிச்சுக் குடு லா, சரியாயிடும்" என்றார். எதிர்வீட்டுச் சுமதி அக்கா அதைக் கேட்டுப் பதறிப்போனார்.

"பப்பாளி சூடு கண்ணு. வெத்தல காம்புல வெளக்கெண்ண தொட்டு பின்னால வெச்சா ஒடனே போய்டும்."

ஆவடியிலேயே பிறந்து வளர்ந்த என் கணவர் குமரன், தனக்கும் அப்படித்தான் வைத்தார்களாம் என்று பெருமையாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். சரி, தண்ணீராவது கொடுப்போம் என்று அக்கா கரண்டியை இனியாவின் வாயருகே கொண்டுபோனார். வெடுக்கென்று பிடுங்கிவிட்டேன். இந்த ஊருக்கு வந்த புதிதில் தண்ணீர் சேராமல் வயிறு கெட்டுப் படுத்துக் கிடந்தவள் நான். அன்றிலிருந்து கேன் தண்ணீரையும் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறேன், அதுவும் சந்தேகத்தோடு. பிள்ளைக்கு ஒரு சொட்டுகூடக் கொடுத்ததில்லை.

"நான் இன்னா விஷமா குடுத்துட்டேன்?" என்று கேட்டுவிட்டு அக்கா போய்விட்டார். அன்று மாலை படிக்கட்டில் எதிர்ப்பட்டபோதுகூட எதுவும் கேட்கவில்லை. யாரும் கேட்காதது அவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் குழந்தை மருத்துவரிடம் ஓடினோம். அவர் இனியாவின் வயிற்றை அமுக்கிப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

"தண்ணி குடுக்கிறீங்களா?"

"இல்ல டாக்டர். இந்த ஊர் தண்ணி..."

"கூழ் எந்தத் தண்ணில காய்ச்சுறீங்க?"

அதே கேன் தண்ணீரில்தான். குமரன் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். திட உணவு தொடங்கிய பிள்ளைக்குக் கொதிக்கவைத்து ஆறிய நீரைச் சாப்பாட்டோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும், கூழை இளக்க வேண்டும், பழுத்த பப்பாளி தாராளமாகத் தரலாம், காம்பு கீம்பு எதையும் உள்ளே வைக்கக் கூடாது என்றார் மருத்துவர். ஊறவைத்த உலர்திராட்சையைப் பிழிந்தும் கொடுக்கலாமாம்.

வீட்டுக்குப் போகாமல் நேரே எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். "நீங்களே குடுங்கக்கா" என்று இனியாவை நீட்டினேன். அக்கா என்னைக் கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு தண்ணீரைக் கொதிக்கவைத்தார், திராட்சையை ஊறப்போட்டார். இனியா கரண்டியை விடாமல் உறிஞ்சினாள். நான் பப்பாளியை மசித்தேன், மல்லாக்கப் படுக்கவைத்துச் சைக்கிள் மிதிப்பதுபோல் அவள் கால்களை அசைத்தேன்.

இரண்டாம் நாள் காலை அக்காவின் மடியில் அது நடந்தது. முக்கல் இல்லை, அழுகை இல்லை. புடவை முழுக்க நாசம். "போய்ட்டா, போய்ட்டா" என்று அக்கா கத்தியதில் மேல்வீட்டுக் கதவும் திறந்தது. புதுப்பட ரிலீஸ்போல ஆளாளுக்கு வந்து பார்த்தார்கள். எனக்கு வெட்கமே இல்லை. எல்லோரிடமும் நிறம் உட்பட விளக்கினேன்.

அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். "பப்பாளிதானே?" என்றார். "தெராட்ச தண்ணிமா" என்றார் அக்கா, போனுக்குள் தலையை விட்டு. இருவருக்கும் ஆமாம் என்றேன். அம்மா சிரித்தார், பிறகு கேட்டார்: "பிள்ளைய எப்ப வீட்டுக்குக் கூட்டிட்டு வரப் போறே?"

"வீட்லதானேம்மா இருக்கா" என்றேன்.

யோசிக்காமல் வந்த பதில். திரையில் அம்மாவுக்குப் பின்னால் என் பழைய அறையின் கதவு திறந்திருந்தது, கட்டிலில் புதிதாக வாங்கிய சின்னத் தலையணை ஒன்று உறை பிரிக்காமல் கிடந்தது.