எர்த் காலை அறுத்த சித்தப்பா

என் சித்தப்பாவை நான் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. ஹோர்சன்ஸுக்குப் போகும்போதெல்லாம் மீன் பொரித்துத் தருகிறார். சாப்பிட்டுவிட்டு, மன்னிக்காமல் திரும்பி வருகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் அப்பா, சித்தப்பா, நான் மூவரும் டென்மார்க்கின் அந்த ஊரில் ஒரு இரண்டறை வீட்டில் இருந்தோம். அம்மா கைக்குழந்தையான தங்கச்சியோடு யாழ்ப்பாணத்தில் இருந்தார். அவர்களை இங்கே எடுப்பதற்கான விண்ணப்பம் கொப்பன்ஹேகனில், அமைச்சில் கிடந்தது. வீட்டில் எந்தப் பேச்சும் கடைசியில் அந்த விண்ணப்பத்தில்தான் போய் நிற்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் கசெட்டில் பேசி அம்மாவுக்கு அனுப்புவோம்.

சித்தப்பா ஊரில் றேடியோ திருத்தியவர். சாதாரண றெக்கோடரில் பேசுவது அவருக்குக் கௌரவக் குறைவு. பழைய சாமான் கடையில் ஒரு அம்பிளிபயரும், மைக் பொருத்தும் பெட்டி ஒன்றும் வாங்கி வந்தார். பிள்ளையின் குரலைவிட இரைச்சல்தான் கூடக் கேட்கிறது என்று அம்மா எழுதினார். இரண்டு பெட்டிக்கும் தனித்தனியே எர்த் இருப்பதால்தான் இரைகிறது என்று சித்தப்பா கண்டுபிடித்தார். கண்டுபிடித்தது சரி. இரும்பு அறுக்கும் வாளை எடுத்து ஒரு பிளக்கில், கசியும் மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் எர்த் காலை அறுத்தார். இரைச்சல் நின்றுவிட்டது. எடுத்த வாளைச் சும்மா வைக்க மனம் வராமல் மற்றதையும் அறுத்தார். அப்பா தேத்தண்ணீர் போட்டுக்கொடுத்து அவரைப் பாராட்டினார்.

அடுத்த கிழமையே மைக்கைத் தொட்டால் மின்சாரம் விறுவிறுவென்று கடிக்கத் தொடங்கியது. அதை நான் சொன்னபோது சித்தப்பா சிரித்தார்.

"உது சின்னக் கடி. செருப்பைப் போட்டுக்கொண்டு பிடி."

ஊரில் எல்லா வீட்டு றேடியோவும் அப்படித்தான் கடிக்குமாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அம்மாவோடு பேசுவதென்றால் ரப்பர் செருப்பு போடவேண்டும். நானும் சொன்னபடி போட்டேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சம்பவம் நடந்த அன்றும் என் காலில் செருப்பு இருந்தது.

அன்று நல்ல குளிர். வலது கையில் இரும்பு மைக்கைப் பிடித்தபடி, புதிதாய்ப் படித்த டேனிஷ் எண்களை அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இடது கை விறைத்தது. சுவரோரம் சுடுதண்ணீர்க் குழாயோடு இருந்த இரும்பு ஹீட்டரில் அதை வைத்தேன். அம்பிளிபயருக்குள் ஏதோ ஒரு வயர் கழன்று அதன் இரும்புப் பெட்டியில் முட்டிக்கொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? எர்த் இருந்திருந்தால் பியூஸ் போயிருக்கும். அது இல்லாததால் மின்சாரம் செருப்புப் பக்கமே போகாமல், மைக்கிலிருந்து என் வழியாக ஹீட்டருக்குப் போயிற்று. கத்த முடியவில்லை, மைக்கை விடவும் முடியவில்லை. அப்பா பாய்ந்துவந்து பிளக்கைப் பிடுங்கினார். உள்ளங்கையில் இரண்டு இடத்தில் தோல் வெந்திருந்தது.

டொக்டரிடம் போகவில்லை. அப்பா கையில் மருந்து பூசிக் கட்டிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"பள்ளிக்கூடத்தில கேட்டா, சட்டி சுட்டதெண்டு சொல்லு."

"சித்தப்பாதானே அறுத்தவர்?"

"அதை ஒருத்தரிட்டையும் கதைக்காதை."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அறுத்தவர் ஒருவர், சுடுபட்டவள் நான், கவனமில்லாத பிள்ளை என்ற பெயரும் எனக்கா? ஆசிரியையிடம் சட்டி என்றே சொன்னேன். பிள்ளையை அடுப்படியில் தனியே விடவேண்டாம் என்று அவர் ஒரு துண்டு எழுதித் தந்துவிட்டார். அதை அப்பாவுக்கு நானே தமிழில் சொல்லவேண்டியிருந்தது. பக்கத்தில் இருந்த சித்தப்பா, நியாயமான பேச்சு என்பதுபோல் தலையாட்டினார். ஒரு மாதம் நான் அவரோடு கதைக்கவில்லை.

தன் தம்பியைக் காப்பாற்றத்தான் அப்பா என்னைப் பொய் சொல்ல வைத்தார் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். அவருடைய பயம் வேறு. நகரசபையான கொம்யூனிலிருந்து ஆட்கள் வந்து பார்த்து, இந்த வீடு பிள்ளைக்குப் பாதுகாப்பில்லை என்று ஒரு வரி எழுதினால் போதும், அது அம்மாவின் விண்ணப்பத்தைக் கெடுத்துவிடும் என்று பயந்திருக்கிறார். அந்தக் கடதாசியில் ஒரு கறை விழக்கூடாது என்பதற்காகத்தான் வெந்த கையை ஒளித்தோம்.

சில வருடங்களின் பின், அந்த அமைச்சில் விண்ணப்பங்கள் ஏன் தேங்கின என்று விசாரணை வைத்தார்கள். அதனால் டென்மார்க் அரசாங்கமே கவிழ்ந்தது. எங்களைப் போன்ற தமிழ் அகதிகளின் விண்ணப்பங்களைத் தொடாமல் வைத்திருக்கும்படி மேலிடத்திலேயே சொல்லியிருந்தார்கள் என்று அப்போதுதான் தெரியவந்தது. நான் பொய் சொன்ன அந்த மாதங்களில் அம்மாவின் கோப்பை ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.