கீழே போன மேல்மண்

அவருடைய சொந்தப் பெயர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். கொத்தனார்கள் ரசமட்டக் கருவி வைத்துப் பார்க்கிற மட்டத்தை அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தே சொல்லிவிடுவார். இருபத்தோரு வருஷமாக மண் வெட்டும் இயந்திரம் ஓட்டுகிறார். அவர் சமப்படுத்திய வீட்டு மனைகளே இருநூறுக்கு மேல் இருக்கும். அவர் தட்டிய மனையில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும் என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டால் அவர் மீசைக்குள் சிரித்துக்கொள்வார்.

அப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு தங்கை. பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டது அவர். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டதும், நல்லவன் ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். மாப்பிள்ளை வீட்டில் இருந்தது ஒரு ஏக்கர் சரிவு நிலம். மழைத்தண்ணீர் மண்ணை வாரிக்கொண்டு ஓடிவிடாமல் மாப்பிள்ளையின் அப்பா குறுக்கே கல் வரிசைகள் அடுக்கியிருந்தார். கொட்டோ கொட்டென்று விளையாது. ஆனாலும் ஒரு வருஷம்கூட அது கைவிட்டதில்லை.

"ஏறி இறங்கி முட்டியே தேஞ்சிடும் போலிருக்குண்ணே" என்றாள் தங்கை ஒருநாள், பேச்சுவாக்கில்.

அண்ணனுக்கு அது போதாதா? அடுத்த ஞாயிற்றுக்கிழமையே இயந்திரத்தோடு வந்து நின்றார். கல் வரிசைகளைப் பெயர்த்து ஓரம் கட்டினார். மேட்டைச் சுரண்டிப் பள்ளத்தில் தள்ளினார். பொழுது சாய்வதற்குள் நிலம் பலகை மாதிரி ஆகிவிட்டது. தங்கை கைதட்டிச் சிரித்தாள்.

"மச்சான், இதுல விதைக்கிறதா, இல்ல ரெண்டு பக்கமும் கோல் நட்டுப் பந்து ஆடுறதா?" என்றார் மாப்பிள்ளை.

எல்லோரும் சிரித்தார்கள். அதுதான் அந்த நிலத்தில் அவர்கள் சேர்ந்து சிரித்த கடைசிச் சிரிப்பு.

வயலைச் சமப்படுத்துகிறவன் முதலில் மேலே இருக்கும் ஒரு முழம் கறுப்பு மண்ணை வழித்துத் தனியே குவித்துவைக்க வேண்டும். அடியில் இருப்பதைச் சமமாக்கிய பிறகு, அதைத் திரும்ப மேலே பரப்ப வேண்டும். வீட்டு மனைக்கு இந்த வேலை கிடையாது. சுவருக்கு எந்த மண்ணாய் இருந்தால் என்ன? மனை தட்டியே பழகிய கை, தங்கையின் வயலையும் மனையாகவே தட்டிவிட்டது. முதலில் சுரண்டிய உயிருள்ள மண் பள்ளத்தின் அடிக்குப் போனது. அதன் தலையில் அடியிலிருந்த சத்தில்லாத வெள்ளைக் கப்பி மண் ஏறி உட்கார்ந்தது.

முதல் மழையில் கீழ் ஓரம் பிளந்து ஓடை கண்டது. மேல் பாதியில் முளைத்தவை விரல் உயரத்தில் மஞ்சளாகி நின்றன. வரப்பில் நின்று பார்த்தபோதே அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. நாக்கு நுனிவரை வந்த உண்மையை விழுங்கிவிட்டு, "விதை சரியில்லம்மா" என்றார்.

அவள் நம்பினாள். அண்ணன் சொல்லி அவள் எதைத்தான் நம்பாமல் இருந்தாள்? விதையை மாற்றினாள். கூடை கூடையாக எருச் சுமந்து கொட்டினாள். கொட்டியதையெல்லாம் மழை கொண்டுபோனது. இரண்டாவது வருஷமும் பொய்த்தது. மாமியார் வாய் திறந்தார். "இவ கை பட்ட நேரம், காடே கருகிப் போச்சு." பக்கத்தில் இலையில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்த ரசமட்டம் தலை நிமிரவில்லை. குனிந்தபடியே அடுத்த கவளத்தை உருட்டினார்.

மூன்றாம் வருஷம் மாப்பிள்ளை செங்கல் சூளைக்காரரைக் கூட்டிவந்துவிட்டார்.

"மேல் பாதி எனக்கு ஆகாது. கீழ் பாதியில ஆறடி தோண்டி எடுத்துக்கிறேன். மண்ணு வெட்ட நம்ம ரசமட்டத்தையே சொல்லிட்டேன். வீட்டு ஆளு, பதமா வெட்டுவாரு" என்றார் சூளைக்காரர்.

தலையில் இடி விழுந்தால்கூட ரசமட்டம் அப்படி அசந்திருக்க மாட்டார். கீழ் பாதியில்தானே அந்த மண் புதைந்து கிடக்கிறது! அதுவும் செங்கல்லாகிப் போனால் அந்த நிலத்தில் இனி புல் முளைக்காது. வாயைத் திறந்தாலோ தங்கையின் உறவு போய்விடும்.

விடிந்ததும் இயந்திரத்தைக் கீழ் ஓரத்தில் நிறுத்தி வாளியை இறக்கினார். வெள்ளை மண் வந்தது. மறுபடியும் வெள்ளை மண். வரப்பில் மாப்பிள்ளையும் சூளைக்காரரும் நின்றார்கள்; பக்கத்தில் தங்கை முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். நாலாவது முறை வாளி இறங்கியபோது அதன் பல்லில் மாட்டிய மண் கறுப்பாகத் தெரிந்தது.

அவர் இயந்திரத்தை அணைத்தார். இறங்கி வந்தார்.

"என்ன மச்சான், டீசல் தீந்துடுச்சா?"

"மாப்ள, தோண்ட வேணாம். இந்த நிலம் சாகல. நான்தான் உயிரோட புதைச்சுட்டேன்."

குழியில் இறங்கி ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தார். கரிய, ஈரமான மண். நடுவே பழைய பயிரின் வேர்க்கட்டை ஒன்று மக்கிக் கிடந்தது. "இது மேட்டோட மேல்மண்ணு. தனியா எடுத்து வச்சிருக்கணும். தெரியாமத்தான் செஞ்சேன். ஆனா முதல் மழையிலயே தெரிஞ்சுபோச்சு. சொல்லல."

சூளைக்காரர் அந்த மண்ணை வாங்கி உருட்டிப் பார்த்து, "அருமையான மண்ணுய்யா" என்றார். பேரம் இனி நடக்காது என்று புரிந்ததும், செருப்பைத் தட்டி மாட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

மாப்பிள்ளை தலையில் கைவைத்து அப்படியே உட்கார்ந்தார். தங்கை அழவில்லை. அழுதிருந்தால் அண்ணன் பிழைத்திருப்பார்.

"என் கைராசின்னு சொன்னாங்களே, அன்னிக்கு நீ பக்கத்துலதானே உக்காந்திருந்தே?"

"ஆமாம்மா."

"கேட்டுக்கிட்டு சாப்பிட்டே."

அவர் நெடுஞ்சாண்கிடையாக விழப் போனார். அவள் விலகிக்கொண்டாள்.

"நாளைக்கே கறுப்பு மண்ணைத் தோண்டி மேல பரப்பிடறேன். மெஷின் இருக்கு, மூணே நாள்…"

"அந்த மெஷின் இனி என் நிலத்துல கால் வைக்கக் கூடாது" என்று அவள் அவரைப் பார்க்காமலே சொன்னாள்.

மறுநாள் காலையில் புருஷனும் பெண்டாட்டியுமாக மண்வெட்டியும் கூடையும் எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினார்கள். ஒரு ஏக்கர். எத்தனை மாதம் ஆகுமென்று யாருக்குத் தெரியும்? சிறிது நேரத்தில் ரசமட்டமும் வந்தார், கையில் ஒரு மண்வெட்டியோடு. வா என்று யாரும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. பெயர்த்துப் போட்ட கற்களை ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சுமந்துவந்து, கீழ் ஓரத்து ஓடையை அடைக்கத் தொடங்கினார். உச்சி வெயிலில் கை தோலுரிந்து ரத்தம் கசிந்தது. இருபத்தோரு வருஷம் கைப்பிடியைத் தவிர வேறெதையும் பிடிக்காத கை.

தங்கை அதைப் பார்த்தாள். மண்கூடையை இறக்கிவைத்துவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"அந்த ஆளுக்குத் தண்ணி குடுங்க."

மாப்பிள்ளை சொம்பை நீட்டினார். ரசமட்டம் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். கண்ணீரும் தண்ணீரும் சேர்ந்து மீசையில் வழிய, சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த கல்லைத் தூக்கக் குனிந்தார்.