கேட்காத வானொலிக்கு ஒரு கடிதம்

களுவாஞ்சிக்குடியில் நான் முத்திரை விற்கும் தபாற்கந்தோருக்கு மாதமொரு முறை ஒரு மீனவர் வருவார். காதில் செருகிய பேனை, இடுப்புச் சாரத்தில் வாவிச் சேறு, கையில் வெளிநாட்டு வானொலி ஒன்றுக்கு எழுதிய கடிதம். ஒலி எவ்வளவு தெளிவாகக் கேட்டதென்று நேயர்கள் எழுதி அனுப்பும் பழைய வழக்கம்.

அந்த வானொலியோ தமிழ் ஒலிபரப்பை நிறுத்திப் பல வருடங்கள். ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டேன்.

“ஐயா, அவங்கதான் நிப்பாட்டிட்டாங்களே, இன்னும் என்னத்த எழுதிறீங்க?”

“ஒண்டும் கேக்கல்ல எண்டுதான் தம்பி எழுதிறன். நாம சொல்லாட்டி அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

போன மாதம் அவருக்குப் பதில் வந்தது: ‘உங்கள் அறிக்கைக்கு நன்றி. கவனத்தில் எடுத்துள்ளோம். தொடர்ந்து எழுதுங்கள்.’

என் முன்னாலேயே இரண்டு தரம் வாசித்துவிட்டு, இன்னொரு முத்திரை கேட்டார். நிறுத்திய செய்தியை அங்கே பதில் எழுதுகிறவருக்கும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.