நைட் ஷிஃப்ட் வீட்டில் மூன்று விருந்தாளிகள்

போன வருடம் ஆனி மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸில் நடந்தது இது.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். கணவருக்கு மைன்ஸில் வேலை. ஒரே மகளை வடலூர் பக்கம் இருக்கும் ஓர் இன்டர்நேஷனல் பள்ளியில் சேர்த்திருந்தோம். நன்றாகத்தான் படித்தாள். ஆனால் ஒரு வருடம் ஆகியும் ஒரு தோழியின் பெயர்கூட அவள் வாயிலிருந்து வந்ததில்லை. மதியம் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாளோ என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம். படிப்பு மட்டும் போதாது, பிள்ளைகளின் மனசும் நன்றாக இருக்க வேண்டும், நாலு வீட்டுப் பழக்கமும் தெரிய வேண்டும் என்று, கூடப் படிக்கும் பிள்ளையின் வீட்டில் ஒரு பகல் இருந்துவிட்டு வரச் சொல்வார்கள். மார்க் கிடையாது. எங்கள் வீட்டுக்கு மூன்று பெண்கள் வருவதாக முடிவானது. எல்லாரும் காரில் வந்து இறங்கும் பிள்ளைகள். இந்தச் சின்ன வீட்டைப் பார்த்த பிறகு என் மகளோடு யார் சேருவார்கள்? ஒரு வாரமாக இதே கவலை.

அன்று பார்த்துக் கணவர் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து நின்றார். யாருக்கோ அவசரம் என்று ஷிஃப்டை மாற்றிக்கொண்டாராம்.

"இன்னாங்க இது, இன்னைக்குப் போயி..."

"பசங்க பாட்டுக்கு இருக்கட்டும். எனக்குக் கட்டைய சாய்ச்சா போதும்" என்று உள் அறையில் படுத்துவிட்டார்.

அவர் பகலில் தூங்கும் நாளில் நாங்கள் குக்கர் வைக்க மாட்டோம், விசில் எழுப்பிவிடும். டிவி கிடையாது. குழாயைக்கூடக் கொஞ்சமாகத்தான் திறப்போம். கேட்டில் ஒரு துண்டைத் தொங்கவிட்டால் பால்காரரும் மணி அடிக்க மாட்டார். எனக்கும் மகளுக்கும் அன்று கைச்சாடைதான் பேச்சு.

பள்ளி வேனிலிருந்து பெண்கள் துள்ளி இறங்கினார்கள். என் மகள் உதட்டில் விரலை வைத்தாள். "அப்பா நைட் ஷிஃப்ட். தூங்குறாரு."

"அய்யோ, ஃபுல் டே பேசவே கூடாதா?"

"பேசலாம். இப்படி."

கையைக் குவித்தால் தண்ணீர். வயிற்றைத் தடவினால் பசி. காதைப் பிடித்தால் 'அம்மா வர்றாங்க, உஷார்'. இந்தக் கடைசிச் சாடை இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்! பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

கண்ணாடி போட்ட ஒரு பெண் மட்டும் என்னிடம் வந்தாள். வகுப்பில் முதல் மார்க் அவள்தானாம். நகமெல்லாம் கடித்துக் கடித்துக் குட்டையாகியிருந்தது. பள்ளி விட்டால் அபாகஸ், கீபோர்டு, பிரெஞ்சு என்று ஓட்டமாம்.

"ஆன்ட்டி, இங்க நாங்க என்ன கத்துக்கணும்?"

"ஒன்னும் இல்லம்மா. சும்மா இரு." வேறு என்ன சொல்ல எனக்குத் தெரியும்?

பாயில் சுவரோரமாக உட்கார்ந்தவள், கொஞ்ச நேரத்தில் அப்படியே சாய்ந்து தூங்கிப்போனாள். சாப்பிட எழுப்பினேன். முனகிவிட்டுப் புரண்டு படுத்தாள். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டேன். மூக்கருகே விரல் வைத்தும் பார்த்தேன். பிறகு பின்பக்கம் ஓடி, டீச்சருக்குப் போன் செய்து குசுகுசுத்தேன்.

"எழுப்பாதீங்கம்மா. ராத்திரி தூக்கமே வரலன்னு ரொம்ப நாளா சொல்லிட்டிருக்கா. நல்லா தூங்கட்டும், நான் அவங்க அம்மாகிட்ட சொல்லிக்கிறேன்" என்றார்.

மற்ற இரண்டு பெண்களும் என் மகளும் அவள் பக்கத்திலேயே சாடையில் பேசி விளையாடினார்கள். புதுப்புதுச் சாடைகளை என் மகள்தான் உண்டாக்கிக் காட்டினாள். அவளுக்கு இத்தனை வேடிக்கை தெரியுமா என்று சமையலறையிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தேன்.

மூன்று மணிக்கு எழுந்து வந்த கணவர், தூங்கிக்கொண்டிருந்தவளைப் பார்த்தார். "இன்னாது, இந்தப் பொண்ணும் நைட் ஷிஃப்டா?"

காலையிலிருந்து அடக்கிவைத்த சிரிப்பெல்லாம் வெடித்துக் கிளம்பியது. விழித்தவளுக்கு எங்கே இருக்கிறோம் என்றே புரியவில்லை. பிறகு அவளும் சிரித்து, வயிற்றைத் தடவிக் காட்டினாள். பலாக்கொட்டைச் சாம்பாரை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

வேன் ஏறும்போது அந்தக் கண்ணாடிப் பெண் என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அங்கிளுக்கு அடுத்த நைட் ஷிஃப்ட் எப்போ?"

"அடுத்த வாரம் ஃபுல்லா நைட்தான். வாயேன்!" என்றாள் என் மகள்.

இப்போது எங்கள் வீட்டில் அந்தப் பெண்ணின் பேர் அடிபடாத நாளில்லை. பிள்ளைக்கு இன்னும் என்ன கொடுக்கலாம், எதைக் கொடுக்காமல் விட்டோம் என்று ஓயாமல் கவலைப்படுகிற எனக்கு, யாரும் எதுவும் சொல்லித்தராத அந்தப் பகல் இவர்களுக்கு அப்படி என்னதான் கொடுத்தது என்பது இன்றைக்கும் நினைத்துப் பார்க்கப் பார்க்க ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.