பாதி சீசனில் வீடு மாறியவன்

நேற்று சாயங்காலம் தொலைக்காட்சியில் கிரிக்கெட் ஏலம் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பையனைக் கோடிக்கணக்கில் கேட்கிறார்கள். மேசைக்கு மேசை பலகையைத் தூக்குகிறார்கள். என் மருமகன் சோஃபாவின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, "மாமா, பாதி சீசன்ல இவன் வேற டீமுக்குப் போனா அவ்ளோதான், கதையே மாறிடும்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதி சீசனில் ஆள் மாறுகிற கதையை என்னிடமா சொல்கிறான்? எங்களுக்கு ஏலமும் கிடையாது, பலகையும் கிடையாது. ஒருத்தன் வீடு மாறினால் போதும், டீம் மாறிவிடும்.

இதென்ன கூத்து என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் நான் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் ஸ்டோர்ஸ் குமாஸ்தா, குடியிருந்தது செங்கல்பட்டில். காலையில் ஸ்டாஃப் பஸ், மாலையில் ஸ்டாஃப் பஸ். அந்த பஸ்ஸுக்கென்று ஒரு வாசனை உண்டு: டீசல், தேங்காயெண்ணெய், யாருடைய டப்பாவிலிருந்தோ கசியும் எலுமிச்சை சாதம். இன்றைக்கும் எங்காவது எலுமிச்சை சாதத்தைத் திறந்தால் எனக்குப் பசி வருவதற்கு முன்னால் ஸ்கோர் ஞாபகம் வரும். ஏனென்றால் அந்த பஸ்ஸில் ஏறியது முதல் இறங்குவது வரை பேச்சு ஒன்றே ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்து கிரிக்கெட்.

ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு டீம். செங்கல்பட்டு பஸ், மதுராந்தகம் பஸ், மாமல்லபுரம் பஸ். வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே குவார்ட்டர்ஸ் கிடைத்த பாக்கியவான்களுக்கு பஸ்ஸே தேவையில்லை. அவர்கள் டவுன்ஷிப் டீம். எந்த பஸ்ஸுக்கு பாஸ் வைத்திருக்கிறாயோ அந்த டீமுக்குத்தான் ஆட வேண்டும். இதனால் நல்ல ஆட்டக்காரனுக்கு வீடு பார்த்துக் கொடுப்பதே எங்களுக்குப் பெரிய வேலையாகிவிட்டது. மாமல்லபுரத்துக்காரர்கள் எங்கள் விக்கெட் கீப்பருக்குக் கடற்காற்று வீசும் மாடி வீடு ஒன்றைக் காட்டித் தள்ளிக்கொண்டு போனார்கள். நாங்கள் சும்மா இருப்போமா? மதுராந்தகத்து இடதுகை பேட்ஸ்மேன் ஒருவருக்கு ஸ்டேஷன் பக்கத்தில் போர்ஷன் பிடித்துக் கொடுத்தோம். அவர் மனைவி, "இவ்வளவு அக்கறையா இருக்காங்களே" என்று உருகிப் போனாராம். பாவம்.

நான் ஆடியதில்லை. சோடாபுட்டிக் கண்ணாடியோடு பந்தைப் பிடிப்பதெல்லாம் நடக்கிற காரியமா? ஆனால் பேச்சில் என்னை யாரும் அவுட்டாக்க முடியாது. யார் ஆவரேஜ் எவ்வளவு, யார் எந்த கிரவுண்டில் சொதப்புவான் எல்லாம் நாக்கு நுனியில் வைத்திருப்பேன். அந்த வருஷம் பாதி சீசன் வரைக்கும் நாங்கள் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. ஜெயித்த வாரம் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்களோ அங்கேயேதான் உட்கார வேண்டும் என்று கேப்டன் முனிரத்தினம் சட்டம் போட்டுவிட்டார். நான் முதலில் ஜெயித்த வாரம் நின்றுகொண்டு வந்தவன். அப்புறம் காலி சீட் இருந்தாலும் நின்றுகொண்டேதான் போனேன், அறிவுகெட்டவன்.

இந்த வெற்றிக்கெல்லாம் காரணம் ஒரே ஆள், சேகர். ஃபிட்டர். ஒல்லியாக, வெட்கப்பட்டுக்கொண்டு ஓடி வருவான். பந்து மட்டும் வெட்கப்படாமல் ஸ்டம்பின் காலில் போய் விழும். அவனுக்குத்தான் பாதி சீசனில் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் வந்தது.

பஸ்ஸில் இழவு விழுந்தது போல ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஒப்புதல் கொடுக்க வேண்டும். வேண்டாம் என்றால் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவான். திரும்ப வர எத்தனை வருஷமோ. வேண்டும் என்றால் சனிக்கிழமை சாவி, ஞாயிற்றுக்கிழமை அவன் டவுன்ஷிப் ஆள். அந்த ஞாயிறு எங்களுக்கு ஆட்டம் யாரோடு? டவுன்ஷிப்போடுதான்.

"இன்னா அவசரம் சேகரு? சீசன் முடிஞ்சி பாத்துக்கலாம்" என்றார் முனிரத்தினம்.

"இல்லண்ணா, வூட்டுல மாசமா கீறாங்க. ரெண்டு மாடி ஏறித் தண்ணி தூக்கணும்."

ஊரை ஒட்டிக் கடல் மாதிரி ஏரி கிடக்கும். அவன் குடியிருந்த தெருவுக்குக் குடிக்கத் தண்ணீர் என்றால் கீழே இருக்கிற அடிபம்புதான். முனிரத்தினம் தாடையைத் தடவினார். "தண்ணிதானே? அத நாங்க பாத்துக்கறோம். நீ பந்தப் போடு."

மறுநாள் காலையிலிருந்து பஸ் வருவதற்கு முன்னால் முறை வைத்துக்கொண்டு நாங்கள் தண்ணீர் தூக்கினோம். என் முறையும் வந்தது. தோளில் குடத்தோடு ஏறும்போது படி பாசி பிடித்து வழுக்கியது. உயிர் என் கையில் இல்லை. சேகரின் மனைவி புஷ்பா நிறைமாத வயிற்றோடு கதவைத் திறந்து, "உங்களுக்கு ஏண்ணா இந்த சிரமம்? இருங்க, காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றாள். எனக்கு ஏதோ உறைத்தது. வந்த குவார்ட்டர்ஸைத் தள்ளிப்போடச் சொன்னவர்கள் மேல் அவளுக்கு அவ்வளவு நன்றி இருக்கக் காரணமே இல்லை. கீழே வந்து சேகரைக் கேட்டேன்.

"குவார்ட்டர்ஸ் வந்தது அவங்களுக்குத் தெரியுமா?"

அவன் தரையைப் பார்த்தான். "சொல்லலண்ணா. சொன்னா உடனே கெளம்பும். முனியண்ணன் மூஞ்ச எப்படிப் பாக்கறது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்டாட்டியைவிட கேப்டன் மூஞ்சி பெரிதாகப் போய்விட்டதா இவனுக்கு? அன்றைக்கு எனக்கும் முனிரத்தினத்துக்கும் பஸ்ஸிலேயே வாய்ச்சண்டை. பின்சீட்டுக்காரர்கள் சேகரின் ஆவரேஜைச் சொல்லி என்னை அடக்கினார்கள். இதையெல்லாம் கேட்டுக்கொண்டே ஓட்டியவர் டிரைவர் ஏகாம்பரம். வீட்டுக்குப் போய்த் தன் மனைவியிடம் மட்டும் சொன்னார். அந்த அம்மா அடிபம்பு பக்கத்தில் புஷ்பாவிடம் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை. பஸ் நின்றது, சேகர் ஏறினான். அவன் பின்னாலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க புஷ்பா ஏறினாள். ஸ்டாஃப் பஸ்ஸில் வெளியாள் ஏறக்கூடாது. எவனும் அதைச் சொல்லவில்லை.

"யாரு இங்க கேப்டனு?"

முனிரத்தினம் எழுந்தார். "நான்தாம்மா. உக்காரும்மா மொதல்ல."

"உக்கார வரல. பந்து போட ஆளு வேணும்னு எனக்குத் தண்ணி தூக்கினீங்களா? நான் உங்கள சாமி மாதிரி நெனச்சிகினு இருந்தேன்." குரல் உடைந்தது. "போன வருசம் அதே படியிலதான் வழுக்கி வுழுந்தேன். அது தங்கியிருந்தா இந்நேரம் நடந்துகினு இருக்கும். இவுரு சொன்னாரா உங்ககிட்ட?"

சேகர் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அவன் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். ஏகாம்பரம் இன்ஜினை அணைத்துவிட்டார்.

"கேப்டன் தம்பி ஒரு பதில் சொல்லட்டும், அப்பறம் வண்டி எடுக்கறேன். லேட்டானா ஆவட்டும்."

முனிரத்தினம் சேகர் பக்கம் நடந்து வந்தார். சீசன் கோப்பை அந்த மனுஷனுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்களுக்குத்தான் தெரியும். கடைசியில் சேகரின் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டார். "மடையா! இத்த மொதல்லயே சொல்லக் கூடாதா? இன்னிக்கே போயி கையெழுத்து போடு. நாளைக்கு சாமான் ஏத்த நாங்க வரோம்."

வந்தோம். சனிக்கிழமை பீரோ, கட்டில், கிரைண்டர் எல்லாவற்றையும் அந்தப் பாழாய்ப்போன படியில் இறக்கி, டெம்போவில் ஏற்றி, எங்கள் தோல்வியை எங்கள் கையாலேயே கட்டி அனுப்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை சவுக்குத் தோப்பு ஓரத்து கிரவுண்டில் கூட்டம் நிற்க இடமில்லை. கடைசி ஓவர், கடைசி விக்கெட், எங்களுக்கு ஒன்பது ரன் வேண்டும். பேட்டோடு முனிரத்தினம். பந்தோடு சேகர். முதல் பந்து குழந்தைக்குப் போடுவது போல இடுப்பளவு ஃபுல்டாஸ், நாலு. அடுத்தது வைடு. அவன் விட்டுக்கொடுக்கிறான் என்பது கிரவுண்டுக்கே தெரிந்துவிட்டது. அவன் கண் கலங்கியிருந்தது. டவுன்ஷிப்காரர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

தோப்பு நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த புஷ்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"யோவ்! டவுன்ஷிப்பு தண்ணியக் குடிச்சிட்டு செங்கல்பட்டுக்கா பந்து போடற?"

கிரவுண்டே சிரித்தது. முனிரத்தினம் மட்டும் சிரிக்கவில்லை. பேட்டைத் தரையில் தட்டி, "தங்கச்சி சொல்றது கரெக்ட்டு. பிச்சை போடாதடா எனக்கு. ஒழுங்கா போடு!" என்று கத்தினார்.

சேகர் முகத்தைத் துடைத்துக்கொண்டான். ஓடி வந்தான். நடு ஸ்டம்ப் எகிறிப் பின்னால் போய் விழுந்தது. முனிரத்தினம் அவனிடம் போகவில்லை. நேராகத் தோப்புக்குப் போய், "கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றார். அவள் சொம்பு நிறையக் கொடுத்தாள். அதை மொத்தமும் குடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அந்த வருஷம் கோப்பை எங்களுக்கு இல்லை. பெண் குழந்தை பிறந்தது, தாயும் சேயும் நலம் என்று திங்கட்கிழமை ஒன்றில் ஏகாம்பரம் ஹாரனை அடித்துக்கொண்டே சொன்னார். பஸ் முழுக்க மைசூர்பாகு.

அப்புறம் ரெண்டாயிரம் பிறந்து சில வருஷத்தில் எல்லாரும் கடனில் பைக் எடுத்தார்கள், கார் எடுத்தார்கள். பஸ்கள் குறைந்தன. பஸ் இல்லாமல் டீம் ஏது? ஞாயிற்றுக்கிழமை ஆட்டமும் நின்றுபோனது. சேகர் ஓய்வு பெற்று எந்த ஊருக்குப் போனானோ, எனக்குத் தெரியாது.

நான் இப்போது முட்டுக்காட்டுப் பக்கம் அடுக்குமாடியில் மகள் வீட்டோடு இருக்கிறேன். போன மாதம் எதிர்வீட்டுக்காரர் காலி செய்துகொண்டு போய்விட்டார். கதவில் பூட்டைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. கீழே போய் வாட்ச்மேனிடம் காலி செய்துபோனவர் பெயர் என்ன என்று கேட்டேன்.