இருபத்தேழாம் அறையைக் கேட்டவர்

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருடைய அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். எல்லாருக்கும் அவர் காதுக்காரர்.

தையல் மெஷின் பழுது பார்க்கும் பட்டறையில் முப்பத்தோரு வருஷம். ஓடாத மெஷின் ஒன்று வந்தால் மற்ற மெக்கானிக்குகள் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவார்கள். இவர் கண்ணை மூடிக்கொண்டு சக்கரத்தை ஒரு சுற்று சுற்றுவார். "ஊசியில ஒண்ணும் இல்ல. பாபினுக்கு அடியில நூல் சிக்கியிருக்கு, எடுங்க," என்பார். எடுத்தால் நூல் இருக்கும். இருக்காமல் எங்கே போகும்! ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் படு சோம்பேறி. அவர் மேஜைக்கு மேலே மாட்டியிருந்த ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் 'டிக், டிக்' என்று அடித்துக்கொண்டே இருக்கும். ஊரார் மெஷினுக்கெல்லாம் வைத்தியம் பார்த்த மனுஷர் அதை மட்டும் தொடவே இல்லை.

சொந்தபந்தம் இவரைத் தேடி வந்தது மெஷினுக்காக அல்ல, ரூமுக்காக. ஒரு தடவை இவருடைய மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, வேலைக்கு நேர்காணல் என்று பெரிய நகரத்துக்குப் போய் மலிவாக ஒரு லாட்ஜில் தங்கினான். ராத்திரி முழுக்கத் தலைமாட்டில் தண்ணீர்க் குழாய் அலறியதாம். பொட்டுத் தூக்கம் இல்லாமல் போய் உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் கொட்டாவியால் பதில் சொல்லிவிட்டு வந்தான். அன்றைக்குத்தான் காதுக்காரருக்கு அந்த யோசனை வந்தது. போட்டோவில் எல்லா ரூமும் அழகுதான். போட்டோவை எடுத்தவன் காதைப் பொத்திக்கொண்டா எடுத்தான் என்று யாருக்குத் தெரியும்?

அதனால் லாட்ஜுக்குப் போன் போடுவார். "ரூம் காலியா இருந்தா, அங்க இருக்கற போனுக்கு லைன் குடுங்க. ஒரு ஆள அனுப்பி ரிசீவர எடுத்து மேஜை மேல வெச்சுட்டு, கதவச் சாத்திட்டு வரச் சொல்லுங்க. அஞ்சே நிமிஷம். நான் கேட்டுட்டு வெச்சுடறேன்."

"சார், ரூமைப் பாக்கணும்னு சொல்லுவாங்க. கேக்கணும்னு சொல்ற ஒரே ஆள் நீங்கதான் சார்," என்று சிரிப்பார்கள். சிரித்தாலும் செய்வார்கள். இவர் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், மெஷின்கள் எல்லாம் ஓய்ந்த பிறகு, பட்டறைப் போனைக் காதில் அழுத்திக்கொண்டு ஆளில்லாத அந்த ரூமைக் கேட்பார். லிஃப்ட் எவ்வளவு பக்கம், சுவர் எவ்வளவு மெலிசு, சாக்கடை மோட்டார் எத்தனை மணிக்கு ஓடுகிறது, எல்லாம் காது சொல்லிவிடும். கவனம் கூடினால் இவருடைய மூக்கு லேசாக விசில் அடிக்கும். மட்டமான லாட்ஜிலும் நல்ல ரூம் ஒன்று கட்டாயம் இருக்கும், அதற்கும் அதே வாடகைதான் என்பது அவருடைய கட்சி. அந்த ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுப்பார். பெரியப்பா மகள், சித்தி மகன், பக்கத்து வீட்டுப் புது ஜோடி என்று எத்தனையோ பேர் இவர் புண்ணியத்தில் நிம்மதியாகத் தூங்கி எழுந்து ஊர் சுற்றிவிட்டு வந்தார்கள்.

இவர் மட்டும் எங்கேயும் போனதில்லை. மனைவியும்தான். அவளுக்கு வீட்டிலேயே வேலை. பள்ளிச் சீருடைக்குக் காலர் வைத்துத் தைப்பாள். மகள் கல்யாணமாகிப் போன பிறகு வீட்டில் இரண்டே பேர். அவள் பேசுவாள். இவர் சாயங்காலமும் யாருக்காவது ரூம் கேட்டுக்கொண்டோ, வீட்டுக்குத் தூக்கிவந்த மெஷினைச் சுற்றிப் பார்த்துக்கொண்டோ "ம்" என்பார். அந்த 'ம்'முக்குள் ஆயிரம் அர்த்தம் இருக்கிறது என்று கல்யாணமான புதிதில் அவள் நம்பினாள். பாவம், ஒன்றுமே இல்லை என்று போகப்போகத் தெரிந்துகொண்டாள்.

ஒரு நாள் அவள் வாய்விட்டே கேட்டுவிட்டாள். "ஊருக்கெல்லாம் ரூம் பாத்துக் குடுக்கறீங்களே, எனக்கு ஒண்ணு பாக்க மாட்டீங்களா? நாலு நாள் போதும். ஒண்ணும் சுத்திக் காட்ட வேணாம். சும்மா ஒரு ரூம்ல உக்காந்து பேசிட்டு வரலாம்."

"உக்காந்து பேசறதுக்கா அவ்வளவு தூரம் போகணும்?"

"ஆமா, அவ்வளவு தூரம் போகணும்," என்றாள்.

விடுமுறைக் காலம். எந்த லாட்ஜைக் கேட்டாலும் யானை விலை, குதிரை விலை. கடைசியில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் பச்சைச் சுண்ணாம்பு அடித்த ஒரு லாட்ஜ் மாட்டியது. மூன்றாம் மாடி, இருபத்தேழாம் நம்பர். மற்ற இடங்களில் கேட்டதில் பாதி வாடகை. மறுநாள் மத்தியானம் வழக்கம் போலப் போனைக் காதில் வைத்தார்.

முதலில் லிஃப்ட் மணி. தூரமாகத்தான் இருந்தது, நல்லது. அப்புறம் பக்கத்தில் எங்கேயோ சுத்தியல் சத்தம். மூன்று அடி, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று அடி. கட்டட வேலை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அதன் பிறகு ஒரு பெட்டியின் ஜிப் பாதி வரைக்கும் ஓடி, சிக்கி நின்றது. காலி ரூமில் ஏது பெட்டி? அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேஜைக் கண்ணாடி மேல் வளையல்களைக் கழற்றி ஒவ்வொன்றாக வைக்கும் சத்தம். நான்கு வளையல். ரிசீவருக்கு ரொம்பப் பக்கத்தில் யாருடைய மூக்கோ விசில் அடித்தது. தன்னுடைய மூக்குதான் என்று அவர் நினைத்தார்.

"ஏங்க," என்றது அவர் மனைவியின் குரல்.

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, யார் பதில் சொல்கிறார்கள் என்று கேட்டார். பதில் இல்லை. சுத்தியல் மூன்று அடி அடித்தது.

"ஏங்க, காதுல விழுதா? ஏன் இப்படி இருக்கீங்க? ஏங்க!"

அதற்கும் பதில் இல்லை. அதற்கு மேல் அவரால் கேட்க முடியவில்லை. போனை வைத்துவிட்டார். தலைக்கு மேல் ஃபேன் 'டிக், டிக்' என்று அடித்துக்கொண்டிருந்தது.

உடனே வீட்டுக்குப் போட்டார். இரண்டாவது மணியில் எடுத்தாள்.

"நீ எங்க இருக்க?"

"வீட்டுப் போனுக்குப் போட்டுட்டு எங்க இருக்கன்னு கேட்டா என்னங்க சொல்றது? நல்ல ஆளு போங்க. ஆமா, நானே கூப்பிடணும்னு நெனச்சேன். ஒரு விஷயம், இன்னிக்குக் குளிக்கறப்ப..."

அவள் வீட்டில்தான் இருக்கிறாள். அது தெரிந்ததும் அவருக்கு மூச்சு வந்தது. "சரி சரி, வந்து பேசிக்கலாம்," என்று வைத்துவிட்டார். வந்து பேசவில்லை.

மறுநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு லாட்ஜுக்குக் கூப்பிட்டார். நேற்று அந்த ரூமில் யாரும் இல்லை என்றான் கவுண்டர்க்காரன். "சுத்தியலா? பக்கத்துல வெறும் மனைதான் சார். நாய்தான் படுத்திருக்கு."

காதுக்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டதாக நினைத்தார். அந்த ரூமில் ஒரு நாள் அவள் கூப்பிடுவாள், இவர் எழுந்திருக்க மாட்டார். இன்னும் நடக்காத ஒன்றைக் காது முந்திக்கொண்டு கேட்டுவிட்டது. சாவது என்றால் யாருக்குத்தான் பயமில்லை? அன்று சாயங்காலம் மனைவியிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஒரு ரூமும் சரியில்ல. அடுத்த வருஷம் பாக்கலாம்," என்றார். அவள் உள்ளே போனாள்.

நான்கு மாதம் ஓடியது. பட்டறை முதலாளி அந்தப் பழைய ஃபேனைக் கழற்றிக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டுப் புதிது மாட்டினார். காதுக்காரர் ரூம் கேட்பதையே விட்டுவிட்டார். மெஷினே கதி என்று இருந்தார். ராத்திரி படுத்தால் தன் நெஞ்சுத் துடிப்பைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார். அவள் ஏதேதோ சொன்னாள், இவர் "ம்" என்றார். பிறகு அவள் சொல்வதை நிறுத்திக்கொண்டாள்.

ஒரு நாள் மச்சினன் இரண்டு ரயில் டிக்கெட்டுகளோடு வந்து நின்றான். "அத்தான், அக்காதான் சொன்னா. உங்களக் கேக்காம நானே ரூம் போட்டுட்டேன். விலையும் மலிவு. திட்டாதீங்க."

"எந்த லாட்ஜ்டா?"

"அதெல்லாம் போனாத் தெரியும்."

நகரத்தில் எத்தனையோ லாட்ஜ் இருக்கிறது, அதுவாகவா இருக்கப் போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டு கிளம்பினார். ரயில் நிலையத்தின் பின்வாசலில் இறங்கி நிமிர்ந்தால், எதிரே பச்சைச் சுவர். பக்கத்து மனையில் கம்பி கட்டி மூன்று ஆள் உயரத்துக்குக் கட்டடம் எழும்பியிருந்தது.

"இது எப்ப ஆரம்பிச்சது?" என்று கவுண்டரில் கேட்டார்.

"போன மாசம் சார்." அவன் சாவியை நீட்டினான். இருபத்தேழு.

"வேற ரூம் குடுங்க. எதுவா இருந்தாலும் பரவாயில்ல."

"சீசன் சார். இது ஒண்ணுதான் மிச்சம்."

திரும்பிப் போய்விடலாம் என்று மனைவியைப் பார்த்தார். அவள் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, கெஞ்சுகிற மாதிரி இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். எப்போது மெலிந்தாள் என்று இவருக்குத் தெரியவில்லை. வருவது வரட்டும் என்று சாவியை வாங்கிக்கொண்டார்.

சின்ன ரூம். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, கண்ணாடி போட்ட மேஜை. மேஜை மேல் போன். அதன் ரிசீவர் எடுக்கப்பட்டு மேஜை மேலேயே கிடந்தது. அதைப் பார்த்ததும் அவர் நாற்காலியில் உட்கார்ந்து நெஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

தூரத்தில் லிஃப்ட் மணி அடித்தது. வெளியே சுத்தியல் மூன்று அடி. அவருக்குப் பின்னால் அவள் பெட்டியைத் திறந்தாள். ஜிப் பாதியில் சிக்கியது. இப்போது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். நெஞ்சு படபடவென்று அடித்ததே தவிர, நிற்கவில்லை. கண்ணைத் திறந்தார். ரிசீவருக்குள்ளிருந்து ஏதோ சத்தம் வந்தது. எழுந்து, அதை எடுத்துக் காதில் வைத்தார்.

டிக். டிக். டிக்.

காயலான் கடைக்குப் போன ஃபேன். அதன் சத்தத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் அவருக்குத் தெரியும். அதற்கு நடுவில் யாரோ உன்னிப்பாக இந்த ரூமைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூக்கு மெல்ல விசில் அடித்தது. காதுக்காரர் அசையாமல், நான்கு மாதத்துக்கு முந்தைய தன்னையே கேட்டுக்கொண்டு நின்றார். பக்கத்தில் மேஜைக் கண்ணாடி மேல் அவள் வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தாள்.

"ஏங்க."

அந்தப் பக்கத்து மூச்சு நின்றது. சுத்தியல் அடித்தது. இவர் ரிசீவரை இன்னும் இறுக்கிப் பிடித்துக் கேட்டார்.

"ஏங்க, காதுல விழுதா? ஏன் இப்படி இருக்கீங்க? ஏங்க!"

'டக்' என்று அந்தப் பக்கம் போனை வைத்தார்கள். லைன் செத்துப்போனது.

அவர் சாகவில்லை. அன்றைக்குப் போனில் கேட்டபோதும் யாரும் செத்திருக்கவில்லை. அவள் கூப்பிட்டாள், இவர் வேறு எதையோ கேட்டுக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். முப்பது வருஷமாக வீட்டில் நடப்பதுதான் இந்த ரூமிலும் நடந்திருக்கிறது. இதைக் கேட்டா நான்கு மாதம் நடுங்கினேன் என்று வெட்கத்தில் அவருக்கு முகம் சுட்டது. ரிசீவரை அதன் இடத்தில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"விழுது. இங்கதான் இருக்கேன். சொல்லு."

அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பதிலை எதிர்பார்க்காதவள் போல ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் அவருடைய கையைப் பிடித்து இழுத்துத் தன் இடது அக்குளுக்குக் கீழே அழுத்தி வைத்தாள். துணிக்கு அடியில் நெல்லிக்காய் அளவுக்குக் கெட்டியாக ஒன்று விரலில் இடறியது.

"இது எப்பலேர்ந்து?" என்றார்.

"ஒரு நாள் மத்தியானம் பட்டறையிலேர்ந்து போன் பண்ணி, நீ எங்க இருக்கன்னு கேட்டீங்களே, ஞாபகம் இருக்கா? அன்னிக்குக் காலைலதான் முதல்ல கைல பட்டுச்சு. அப்ப பட்டாணி அளவுதான் இருந்துச்சு," என்றாள். "சொல்ல வந்தேன். நீங்க வெச்சுட்டீங்க."